அடுப்படியில் திருடும் நாய்: அடியை விடுங்கள், கூலியை நிறுத்துங்கள்!

உழவர் கேள்வி – அலுவலர் பதில்

கேள்வி: எங்கள் தோட்டத்து வீட்டில் இரண்டு வயதுச் சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. காவலுக்குக் குறை சொல்ல முடியாது. ஆட்டுப்பட்டிக்கு ஒரு நரி வந்ததில்லை. ஆனால் அடுப்படியில் எதையும் வைக்க முடியவில்லை. மேடையில் காலைத் தூக்கி வைத்துச் சோற்றையும் முட்டையையும் கருவாட்டையும் தின்றுவிடுகிறது. அடித்துப் பார்த்தோம், கட்டிப் போட்டுப் பார்த்தோம், திருந்தவில்லை. போன வாரம் கோழித் துண்டை எடுத்துக்கொண்டு ஓடியது. என் ஆறு வயது மகள் அதைப் பிடுங்கப் போனபோது உறுமிப் பல்லைக் காட்டியது. வீட்டுக்காரர் சந்தைப்பேட்டையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார். அக்கம்பக்கத்தில் முட்டையில் மருந்து வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம் வட்டாரம்

பதில்: சகோதரி, முதலில் இரண்டு காரியம். மருந்து வைக்கும் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். மகளிடம், நாய் வாயில் இருப்பதை எந்தக் காரணத்துக்காகவும் பிடுங்கக் கூடாது என்று இன்றே சொல்லிவிடுங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டால் மற்றதற்கு அவசரமில்லை. இது திருத்தக்கூடிய பழக்கம்தான். மூன்று வாரம் வீட்டில் எல்லோரும் ஒத்துழைத்தால் மாற்றம் தெரியும். ஆறு வாரத்தில் நன்றாகப் படியும்.

நான் பயிர் படித்தவன். மருந்துக்கும் ஊசிக்கும் கால்நடை மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் கிராமம் கிராமமாகப் போகிற வேலையில் நெல்லைப் பற்றிக் கேட்பவர்களே நாயைப் பற்றியும் கேட்கிறார்கள். கால்நடை மருத்துவர்களிடம் விசாரித்ததையும் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

ஏன் திருடுகிறது?

'நாய் வாலை நிமிர்த்த முடியாது' என்று சொல்லிக் கைவிட்டுவிடுகிறோம். வாலை நிமிர்த்த முடியாதுதான். பழக்கத்தை மாற்ற முடியும். நாய்க்குத் திருட்டு என்ற எண்ணமே கிடையாது. ஒரு இடத்துக்குப் போனால் தீனி கிடைக்கிறது என்றால் மறுபடியும் அங்கே போகும், அவ்வளவுதான். உங்கள் அடுப்படி மேடை அதற்குக் கூலி கொடுக்கிறது. இரண்டே முக்கால் அடி, மூன்று அடி மேடை சிப்பிப்பாறைக்கு ஒரு உயரமே இல்லை. தோள் உயரமே ஏறக்குறைய இரண்டு அடி. பின்னங்காலில் நின்றால் மேடையில் இருப்பது எல்லாம் வாய்க்கு எட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல வீடுகளில் சமைத்துக்கொண்டே நாய்க்கு ஒரு துண்டு தோசையை வீசுவார்கள். பெரியவர்கள் பாசத்தில் தட்டில் இருந்து ஒரு உருண்டை எடுத்துப் போடுவார்கள். நமக்கு அது பாசம். நாய்க்கு 'அடுப்படியில் நின்றால் சாப்பாடு வரும்' என்ற பாடம். ஒருநாள் கொடுத்து மறுநாள் விரட்டினால் அதற்கு என்ன புரியும்?

அடித்தும் ஏன் திருந்தவில்லை?

சோறு போனது நமக்குத் தெரிவது அரை மணி கழித்து. அப்போது நாய் கிணற்றடியில் படுத்திருக்கும். கூப்பிட்டு அடிக்கிறோம். நாய்க்கு, தான் செய்ததும் பலனும் ஓரிரு நொடிக்குள் சேர்ந்து வந்தால்தான் இரண்டையும் முடிச்சுப் போடத் தெரியும். அரை மணி கழித்து விழும் அடியில் அது கற்பது, 'கூப்பிட்டால் போகக் கூடாது, அடி விழும்' என்பதைத்தான். அப்புறம் ஆட்டை விரட்டும்போதோ ரோட்டில் லாரி வரும்போதோ கூப்பிட்டாலும் வராது.

'தப்பு செய்தது அதற்கே தெரியும் சார், முகத்தைப் பாருங்கள், காதை மடக்கிப் பம்முகிறது' என்பார்கள். இதை அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார். நாய் தின்பண்டத்தைத் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தப் பம்மலுக்கும் சம்பந்தமில்லை. உடையவர் திட்டினால், ஒன்றும் தின்னாத நாயும் பம்மியது. அது நம் கோபத்தைக் கண்ட பயம்தான், குற்ற உணர்ச்சி அல்ல.

ஜூலியானே காமின்ஸ்கி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்று. எடுக்காதே என்று சொல்லப்பட்ட தின்பண்டம் இருக்கும் இடம் இருட்டாக இருந்தபோது நாய்கள் அதிகம் துணிந்து எடுத்தன, வெளிச்சமாக இருந்தபோது தயங்கின. நம் எதிரில் மட்டும் யோக்கியமாக இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? விரட்டலும் அடியும் 'ஆள் பார்க்கும்போது எடுக்காதே' என்று மட்டுமே கற்றுக்கொடுக்கும். நீங்கள் வயலுக்குப் போனதும் மேடை கூலி கொடுக்கத்தான் செய்யும். எனவே கூலியை நிறுத்துவதுதான் வழி.

முதல் வேலை: அடைப்பு

வயலில் எலி வந்தால் நாம் முதலில் மருந்துக்கா போகிறோம்? வரப்பைச் சிறிதாக்கு, களையை எடு, வளையை வெட்டு, கிட்டி வை என்றுதான் சொல்கிறோம். இங்கும் அதே முறைதான். மூன்று வாரத்துக்கு அந்த நாய்க்கு அடுப்படியில் ஒரு பருக்கைகூடக் கிடைக்கக் கூடாது.

• அடுப்படி வாசலுக்கு இடுப்பளவு மூங்கில் படல் அல்லது தகரக் கதவு போடுங்கள். சிப்பிப்பாறை தாண்டக்கூடிய நாய் என்பதால் ஆள் இல்லாத நேரத்தில் முழுக் கதவையும் தாழிடுங்கள்.
• சோறு, குழம்பு, பால் எல்லாம் மூடியோடு அலமாரிக்குள் போகட்டும். அலமாரி இல்லாத வீட்டில் பழைய உறியை மறுபடி கட்டுங்கள். பூனைக்கும் எறும்புக்கும் சேர்த்து அது ஒரு நல்ல ஏற்பாடு.
• மேடையைத் துடைத்துவிடுங்கள். கருவாடு நறுக்கிய பலகையையும் எண்ணெய்ச் சட்டியையும் உடனே கழுவுங்கள். வாசனையே அதற்கு அழைப்பு.
• கறி வாங்கி வந்த பிளாஸ்டிக் பையும் எலும்புக் கழிவும் மூடியுள்ள வாளிக்குள் போக வேண்டும். பையோடு விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்டு சாகும் நாய்கள் உண்டு.
• கேஸ் அடுப்பு இருந்தால் சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள். மேடையில் ஏறும் நாயின் கால் பட்டு அடுப்பின் திருகு திரும்பிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. அடைத்த முதல் நாலைந்து நாளில் நாய் முன்னைவிட அதிகமாக முயலும். படலைப் பிராண்டும், குரைக்கும், மூக்கை நுழைக்கும். 'இது வேலைக்கு ஆகாது' என்று அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வழக்கமாகக் கிடைத்த கூலி நின்றுபோனதால் வருகிற ஆர்ப்பாட்டம் அது. அப்போது இரக்கப்பட்டு ஒரு துண்டு போட்டால், 'இன்னும் பலமாகப் பிராண்டினால் கிடைக்கும்' என்று கற்றுக்கொள்ளும். பத்து நாளில் ஒருமுறை கிடைத்தாலும் பழக்கம் சாகாது. எப்போதாவது விழும் பரிசுக்காகத்தானே ஆட்கள் லாட்டரிச் சீட்டை விடாமல் வாங்கினார்கள்? ஆகவே வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி: அடுப்படியில் இருந்தும் சாப்பிடும் இலையில் இருந்தும் நாய்க்கு எதுவும் கிடையாது. பாட்டிக்கும் இதே விதிதான். அவருக்குக் கொடுக்க ஆசையாக இருந்தால், நாயின் தட்டில், அதன் நேரத்தில், அவர் கையாலேயே வைக்கட்டும்.

இரண்டாவது: வயிறு

தோட்டத்து நாய்களில் பல அரைப்பட்டினி. மிஞ்சினால் போடுவது, இல்லாவிட்டால் 'அது எங்கேயாவது தின்னுக்கும்' என்று விடுவது. அப்படி விட்ட நாய் எங்கேயாவது தின்னத்தான் செய்யும். அந்த 'எங்கேயாவது' உங்கள் அடுப்படி.

வளர்ந்த நாய்க்குத் தினமும் ஒரே நேரத்தில் இரண்டு வேளை, ஒரே இடத்தில், அதற்கென்று உள்ள தட்டில் வையுங்கள். வீட்டார் சாப்பிடுவதற்குச் சற்று முன்பே போட்டுவிட்டால் நீங்கள் சாப்பிடும்போது தொந்தரவு குறையும். 20 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 கிலோ கலோரி வேண்டும். நம் வீட்டுக் கணக்கில், வெந்த நொய்யரிசிச் சோறு அரை கிலோ, வேகவைத்த முட்டை இரண்டு, எலும்பு நீக்கி வேகவைத்த கோழி 100 முதல் 150 கிராம். தோட்டம் முழுக்க ஓடும் நாய்க்குக் கொஞ்சம் கூடுதல். விலாவில் விரல் வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும். வேட்டை இன நாய்க்குக் கடைசி ஓரிரு விலா கண்ணுக்குத் தெரிவது இயல்புதான். எல்லா விலாவும் முதுகெலும்பும் துருத்தினால் தீனி போதவில்லை.

குழம்புச் சோற்றைப் பழக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும், பச்சையானாலும் வெந்தாலும், நாயின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு ஈர்க்குப் போலச் சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும். மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் குடலை அடைக்கும். திராட்சையும் சாக்லேட்டும் ஆகாது.

வயிறு நிறையப் போட்டும் ஆலாய்ப் பறக்கிறது என்றால் குடற்புழுவைப் பாருங்கள். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு நீக்க மருந்து கொடுப்பது நல்லது. எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவர் சொல்வார். இதுவரை ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று வெறிகொண்டதுபோல் தின்ன ஆரம்பித்தாலும், நிறையத் தின்றும் இளைத்தாலும், தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தாலும் நோய் இருக்கலாம். பழக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது: மூன்று சொற்கள்

அடைப்பும் வயிறும் சரியானால் பாதி வேலை முடிந்தது. மீதி, 'எடுக்காமல் இருந்தால் இதைவிட நல்லது கிடைக்கும்' என்று கற்றுக்கொடுப்பது. காலையும் மாலையும், தீனிக்கு முன் ஐந்து ஐந்து நிமிடம் போதும். பரிசுக்கு வேகவைத்த முட்டையோ கோழியோ பட்டாணி அளவுத் துண்டுகள். சரியாகச் செய்த நொடியிலேயே கொடுக்க வேண்டும். வீட்டில் ஒருவர் பழக்கட்டும், ஆனால் சொல்லை எல்லோரும் ஒன்றுபோல் சொல்லட்டும்.

'சாக்கு': அடுப்படி வாசலுக்கு வெளியே, உங்களைப் பார்க்கக்கூடிய இடத்தில் ஒரு சாக்கை விரியுங்கள். 'சாக்கு' என்று சொல்லி அதன்மேல் ஒரு துண்டு போடுங்கள். நாய் ஏறியதும் இன்னொன்று. படுத்தால் இன்னொன்று. முதலில் ஐந்து நொடி, அப்புறம் அரை நிமிடம், பிறகு நீங்கள் வெங்காயம் நறுக்கும் நேரம் முழுவதும் என்று கூட்டுங்கள். நாயாக எழுந்து வந்தால் திட்ட வேண்டாம். ஒன்றும் கொடுக்காமல் சாக்குக்குத் திருப்பி அனுப்பி, நேரத்தைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். அடுப்படியில் நின்றால் ஒன்றும் இல்லை, சாக்கில் படுத்தால் கிடைக்கும் என்று கணக்குப் போட நாய்க்கு அதிக நாள் ஆகாது.

'விடு': ஒரு கையில் கருவாட்டுத் துண்டை வைத்து மூடிக்கொள்ளுங்கள். நாய் நக்கும், பிராண்டும். பேசாமல் இருங்கள். சலித்து மூக்கை எடுத்த நொடியில் மறு கையில் இருந்து முட்டைத் துண்டு கொடுங்கள். மூடிய கைக்குள் இருக்கும் கருவாட்டைக் கொடுக்கவே கூடாது. கை வரும்போதே விலக ஆரம்பித்ததும் 'விடு' என்ற சொல்லைச் சேருங்கள். பிறகு உள்ளங்கையைத் திறந்து வையுங்கள், வாய் வந்தால் மூடிக்கொள்ளுங்கள். அடுத்து தரையில் வைத்துக் கவிழ்த்த கிண்ணத்தால் மூடி, பிறகு மூடாமல், பிறகு முக்காலி மேல், கடைசியாகச் சமையல் மேடை மேல். ஒரு படி பத்துக்கு எட்டு முறை சரியாக வந்தபின்தான் அடுத்த படி. அவசரப்பட்டு முதல் நாளே மேடைக்குப் போனால் நாய் ஜெயித்துவிடும், நீங்கள் தோற்றுவிடுவீர்கள்.

'குடு': இது உங்கள் மகளின் பாதுகாப்புக்கானது, ஆனால் பழக்க வேண்டியது பெரியவர்கள். நாய் ஒரு பழைய துணியையோ கொட்டாங்குச்சியையோ கவ்வியிருக்கும்போது அதைவிட நல்ல துண்டை மூக்கருகில் காட்டுங்கள். வாயைத் திறந்ததும் 'குடு' என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். ஆபத்தில்லாத பொருளானால் கவ்வியதையும் திருப்பிக் கொடுங்கள். 'ஆள் கிட்டே வந்தால் பறிபோகாது, கூடுதலாகக் கிடைக்கும்' என்று நம்பிய நாய் உறுமாது.

உறுமலுக்காக அடிக்காதீர்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை மணி. மணியை அடித்து உடைத்தால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். உங்கள் நாய் இதற்கு முன் யாரையாவது கடித்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பயிற்சியில் இறங்க வேண்டாம்.

குழந்தை விஷயம்

நாய் தின்னும்போது குழந்தை கிட்டே போகக் கூடாது. குழந்தை கையில் தின்பண்டத்தோடு நடமாடும்போது நாய் படலுக்கு வெளியே இருக்கட்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதக் குட்டியில் தொடங்கி ஆண்டுதோறும் போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பல் பட்டுச் சிறு கீறல் விழுந்தாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 'நம்ம வீட்டு நாய்தானே' என்று மஞ்சளும் சுண்ணாம்பும் தடவி உட்கார்ந்துவிடாதீர்கள். வெறிநோய் வந்தபின் மருந்து கிடையாது.

மருந்து வைப்பது, கொண்டுபோய் விடுவது

முட்டையில் வைக்கும் பூச்சிமருந்து அந்த ஒரு நாயோடு நிற்காது. காக்கை கொத்தும், கீரி தின்னும், பக்கத்துத் தோட்டத்துக் கோழி தின்னும், மயில் தின்னும். மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. தோட்டத்தில் விளையாடும் குழந்தையின் கைக்கும் அந்த முட்டை எட்டும். பயிருக்கென்று கொடுத்த மருந்தை அப்படிப் பயன்படுத்துவதை என் உத்தியோகத்தில் இருப்பவர் யாரும் ஏற்க மாட்டார்கள். சட்டமும் ஏற்காது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி விலங்கை நஞ்சு வைத்துக் கொன்றால் ஐந்து ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சந்தைப்பேட்டையில் விட்டால் என்ன ஆகும்? காவல் தெரிந்த ஒரு நல்ல நாய் குப்பையில் புரண்டு, வண்டியில் அடிபட்டு, வேறு யாருடைய குழந்தையையாவது கடிக்கும் தெருநாய் ஆகும். நம் வீட்டுச் சிக்கலை ஊர்ச் சிக்கலாக்குவதுதான் அது. உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: நரி வராமல் பட்டியைக் காத்த இரண்டு வருடத்துக்கு ஈடாக ஆறு வாரம் கொடுக்கட்டும். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால், நாயை விரும்பிக் கேட்கும், வேலி உள்ள வேறொரு தோட்டத்தாருக்கு விவரம் சொல்லிக் கொடுக்கலாம். சிப்பிப்பாறைக்கு ஆள் கிடைக்காமல் போகாது.

தொடர்புடைய சில சிறு கேள்விகள்

கோழி அடைவைக்கும் கூடையில் முட்டையைக் குடிக்கிறது. மிளகாய்த் தூள் அடைத்த முட்டை வைக்கலாமா?
வேண்டாம். சில நாய்கள் அதையும் தின்றுவிடும். சில அந்த ஒரு முட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மோந்து எடுக்கும். கண்ணில் பட்டால் வேதனை வேறு. முட்டைக் கூடையை நான்கைந்து அடி உயரத்தில் சுவரோரம் கட்டி, கோழி ஏற ஒரு குச்சி சாய்த்து வையுங்கள். காலையும் மதியமும் முட்டையை எடுத்துவிடுங்கள். 'விடு' பழக்கத்தின் கடைசிப் படியாக முட்டையையும் சேருங்கள்.

எட்டு வயது நாய். இனிமேல் பழகுமா?
பழகும். நாள் கொஞ்சம் கூடும். குட்டியானால் எட்டு வாரத்திலேயே 'சாக்கு' பழக்கத்தைத் தொடங்கிவிடலாம். கெட்ட பழக்கம் வருமுன் தொடங்குவது எப்போதும் சுலபம்.

எலிக்கு வைத்த மருந்துத் தக்காளியை நாய் தின்றுவிட்டது. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?
வீட்டில் எதையும் புகட்டாதீர்கள். மருந்தின் அட்டையையோ பாக்கெட்டையோ எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். வழி தெரியாவிட்டால் 1962 எண்ணில் கேளுங்கள். துத்தநாக பாஸ்பைடு வயிற்றில் நச்சு வாயுவாக மாறும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். இனிமேல் எலி மருந்தை நாய்க்கும் குழந்தைக்கும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். அடுப்படிக்கு எலிப்பொறியே போதும்.

பகலெல்லாம் சங்கிலியில் கட்டினால் திருட்டு நிற்குமே?
கட்டியிருக்கும்வரை நிற்கும். அவிழ்த்ததும் இரட்டிப்பாக வரும். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய்க்கு மூர்க்கமும் கூடும். சமைக்கும் நேரத்துக்கு மட்டும், நிழலில், தண்ணீர் வைத்துக் கட்டலாம். காலையில் அரை மணி தோட்டத்தைச் சுற்றி ஓடிய நாய் அடுப்படியைச் சுற்றாது.

ஒட்டன்சத்திரத்துச் சகோதரி, ஆறு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். எந்தப் படியில் தடுமாறியது என்பதையும் எழுதினால் மற்ற வாசகர்களுக்கும் உதவும். அடுத்த இதழில், மழைக்கு முன் ஆட்டுக்கொட்டகையில் செய்ய வேண்டிய வேலைகள் பற்றி வந்திருக்கும் கேள்விகளைப் பார்ப்போம்.